எதற்கு என்று கேட்கும் பூட்டு

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தின் மூலையில் ஒரு மர அலுமாரி நிற்கிறது. இலங்கை மலையகத்து டிக்கோயாவின் மழை ஈரத்தில் ஊதிப்போன அதன் கதவைத் திறக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். உள்ளே சல்பூரிக் அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், அசற்றோன், ஊதா நிறப் பளிங்குகளாகப் பொற்றாசியம் பரமங்கனேற்று என்று போத்தல்கள் வரிசையாக இருக்கும். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு அவை பல வருடப் பழக்கம். 2025 செப்டம்பரில் ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், பேப்பர்ல போட்டிருக்கிற ஐஸ் கெமிக்கல்ல நம்ம அலுமாரியில உள்ளதும் இருக்கா?"

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய நுவரெலியாவில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைன் தயாரிக்க ஏற்பாடு நடந்திருந்ததாகப் பொலிஸார் அந்த மாதம் அறிவித்திருந்தார்கள். அதே நாட்களில் தெற்கே மித்தெனியவில், மண்ணுக்குள் புதைத்து மறைக்கப்பட்டிருந்த பெருந்தொகையான இரசாயனத்தைத் தோண்டி எடுத்தார்கள். அவை கொள்கலன்களில் துறைமுகத்துக்கு வந்து, சுங்கத்தைக் கடந்து உள்ளே நுழைந்தவை என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். எப்படிக் கடந்தன என்பது நாடெங்கும் விவாதமாயிற்று. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு கொள்கலன் இரசாயனம் எப்படி ஒரு நாட்டின் கண்ணில் படாமல் போகிறது, படவைக்க என்ன வழி என்பது இரசாயனவியல் படித்தவர்களும் பேசவேண்டிய விடயம்.

"இருக்கு" என்றேன். வகுப்பு ஒரு கணம் அடங்கிப் போனது. அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுக்கவேண்டியிருந்த முழு விளக்கமே இந்தக் கட்டுரை.

மருந்து என்ற சொல்

தேயிலைத் தோட்டத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்குப் பல வேலை. காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் வாங்குவதும் மருந்து. முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு புல்லுக்கு அடிப்பதும் மருந்து. ரோட்டுக்காகக் கல்மலையை உடைக்கத் திணிப்பதும் மருந்து. காப்பது, கொல்வது, பிளப்பது மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோருக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: பொருளில் நல்லது கெட்டது எழுதியிருப்பதில்லை, அது யார் கையில், எவ்வளவு, எதற்காக இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போதைப்பொருளைத் தடுக்கும் நம் அரச நிறுவனத்தின் பெயரிலும் மருந்து இருக்கிறது. 1984இல் அமைக்கப்பட்ட அதன் பெயர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. ஔடதம் என்றாலும் மருந்துதான்.

செயற்கைப் போதைப்பொருள் எதுவும் வயலில் விளைவதில்லை. வேறு இரசாயனங்களிலிருந்து அது செய்யப்படுகிறது. அபினிலிருந்து வரும் ஹெரொயினுக்கும், கொக்கா இலையிலிருந்து வரும் கொக்கெயினுக்கும் கூட இடையில் தொழிற்சாலை இரசாயனங்கள் தேவை. இப்படிப் போதைப்பொருளாக உருமாறுவதற்கு முன் நிற்கும் பொருட்களை 'முன்னோடி இரசாயனங்கள்' என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை நம் நடுவிலேயே நல்ல வேலை செய்துகொண்டிருப்பவை. வாகனப் பற்றறிக்குள் சல்பூரிக் அமிலம் இருக்கிறது. நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தில் அசற்றோன் இருக்கிறது. பெயின்டைக் கரைக்கும் தின்னரில் தொலுயீன் இருக்கிறது. புண்ணைக் கழுவவும் கிணற்று நீரைச் சுத்திகரிக்கவும் ஊதாப் பளிங்கைக் கரைத்த பாட்டிமார் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். இந்த நான்கும் ஐக்கிய நாடுகளின் கட்டுப்பாட்டு அட்டவணையில் உள்ளவை.

ஒரே மேசையில் இரண்டு மாத்திரை

1897 ஆகஸ்டில் ஜேர்மனியின் பயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹொஃப்மான் என்ற இளம் இரசாயனவியலாளர் ஒரு மூலக்கூற்றோடு 'அசற்றைல்' என்ற சிறு அணுக்கூட்டத்தைச் சேர்க்கும் வேலையில் இருந்தார். சலிசிலிக் அமிலத்தோடு சேர்த்தபோது அஸ்பிரின் தூய நிலையில் கிடைத்தது. இரண்டு வாரத்துக்குள் அதே கூட்டத்தை மோர்ஃபினோடு சேர்த்தார். கிடைத்தது ஹெரொயின். அதை 1874இலேயே லண்டனில் ஓல்டர் ரைட் என்பவர் செய்து பார்த்துவிட்டு விட்டிருந்தார். பயர் நிறுவனமோ 1898 முதல் அதை இருமல் மருந்தாக விற்றது. இன்று ஒன்று இதய நோயாளியின் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றது இலட்சக்கணக்கான குடும்பங்களை அழித்திருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான பொருள் அசற்றிக் நீரிலி. வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள், தமக்கிடையே ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து இணைந்தால் கிடைப்பது அது. துணி இழை, சாயம், அஸ்பிரின் என்று உலகத் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. கள்ளச் சந்தைக்குப் போவது அதில் மிகச் சிறிய பங்கு. கடலிலிருந்து ஒரு வாளி நீரைத் திருடுவதைத் தடுப்பது போன்ற வேலை இது. கடலை மூட முடியாது. வாளியைக் கவனிக்கத்தான் முடியும்.

'ஐஸ்' கதை இன்னும் நெருக்கமானது. 1885இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோஷி, சீன வைத்தியத்தில் பன்னெடுங்காலமாக மூச்சிரைப்புக்குக் கொடுத்துவந்த எபெட்ரா என்ற புதர்ச்செடியிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். மூக்கடைப்புக்கும் இழுப்புக்கும் அது அருமருந்து. 1893இல் அதிலிருந்தே அவர் மெத்தம்பெட்டமைனை உருவாக்கினார். இரண்டின் சூத்திரத்தையும் பக்கம் பக்கமாக எழுதினால் காபன் பத்து, ஐதரசன் பதினைந்து, நைதரசன் ஒன்று என எல்லாம் ஒத்துப்போகும். எபெட்ரினில் மட்டும் ஓர் ஒட்சிசன் அணு கூடுதலாக இருக்கும். அந்த ஓர் அணு இருக்கும்வரை மூலக்கூறு எளிதில் மூளைக்குள் புகுவதில்லை. அது போனதும் கொழுப்பில் இலகுவாகக் கரைந்து, மூளையின் காவலைத் தாண்டிவிடுகிறது. உள்ளே போய், மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் அளந்து கொடுக்கும் டோபமைனை நரம்புமுனைகளிலிருந்து வெள்ளமாக வெளியேற்றுகிறது. பசியும் தூக்கமும் பறந்துபோகின்றன. மழையில் நின்று, குளிரில் நடந்து, இரண்டு ஆள் வேலையைச் செய்யவேண்டியிருக்கும் இளைஞனுக்கு முதல் நாள் அது வரமாகத் தெரியும். கடன் கணக்கு அடுத்த வாரத்தில் தொடங்கும். இதயம், பல், மனம் என்று உடல் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்க்கவேண்டியிருக்கும்.

அட்டவணையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பெயர் எர்கோமெட்ரின். தானியக் கதிரில் படரும் எர்கொட் என்ற பூஞ்சையிலிருந்து 1935இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து அது. குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் இரத்தம் பெருகும்போது, தாயின் உயிரைப் பிடித்து நிறுத்தும் ஊசிகளில் ஒன்று. உலகச் சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. அதன் மையத்தில் உள்ள லைசெர்ஜிக் அமிலத்திலிருந்தே மனமயக்கம் தரும் எல்.எஸ்.டி. செய்யப்படுகிறது என்பதால், கட்டுப்பாட்டு அட்டவணையிலும் இருக்கிறது. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலைக்கு எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் பிரசவத்துக்குப் போய்வருகிறார்கள். மலைப்பாதையில் வாகனம் கிடைக்காமல் தவித்த பிரசவங்களின் கதை எங்கள் ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எவரும், தாய்க்கு இரத்தத்தை நிறுத்தும் ஊசியைப் போதைப்பொருளின் பேரால் தட்டுப்பாடாக்கும் சட்டத்தை ஏற்கமாட்டார்கள். கட்டுப்பாட்டின் முழுச் சிக்கலும் இந்த ஓர் ஊசிக்குள் அடங்கியிருக்கிறது.

உலகம் கண்டுபிடித்த பதிவேடு

தோட்டத்து மருந்தறையை நினைத்துப் பாருங்கள். புல்லுக்கு அடிக்கும் மருந்து அங்கே பூட்டில் இருக்கும். சாவி ஒரு பொறுப்பானவரிடம். எடுக்கும்போது திகதி, அளவு, எந்த மலைக்கு, யார் கையொப்பம் என்று பதிவேட்டில் எழுதவேண்டும். வெறும் டின் திரும்பி வரவேண்டும். 1988 டிசம்பரில் வியன்னாவில் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12ஆம் பிரிவு, இதே முறையை உலக அளவுக்கு விரித்தது. முதலில் 12 இரசாயனங்களை இரண்டு அட்டவணைகளில் போட்டார்கள். இன்று அந்தத் தொகை பல மடங்கு. போதைப்பொருளின் மூலக்கூறாகவே மாறுபவற்றில் பெரும்பாலானவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரைப்பான்களும் சாதாரண அமிலங்களும் இரண்டாவதில். கட்டுப்பாடு முதலாவதில் கடுமை, இரண்டாவதில் தளர்வு.

இந்த ஏற்பாட்டில் தடை மிகக் குறைவு, கேள்வி அதிகம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எபெட்ரின் போன்ற ஒன்று அனுப்பப்படவிருந்தால், கப்பலில் ஏற்றுமுன் அனுப்பும் நாட்டின் அதிகாரிகள் வாங்கும் நாட்டின் அதிகாரிகளுக்கு அறிவிக்கிறார்கள். வாங்கும் கம்பனி உண்மையில் இருக்கிறதா? அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா? மாத்திரை செய்யும் தொழிற்சாலைக்கு இவ்வளவு ஏன் வேண்டும்? சந்தேகம் இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம், சரக்கு நிற்கும். கடிதத்திலும் தொலைநகலிலும் நடந்த இந்த விசாரிப்பை, வியன்னாவில் இயங்கும் சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபை 2006இல் இணைய வழிக்கு மாற்றியது. இத்தனை பெரிய உலக ஏற்பாட்டின் கருவில் இருப்பது மருந்தறைப் பதிவேட்டின் ஒரு பத்திதான்: எதற்கு?

இலங்கை 1991இல் இந்தச் சமவாயத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பே நம்மிடம் 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இருந்தது. ஆனால் அது பொட்டலத்தைப் பார்த்தது, பீப்பாயைப் பார்க்கவில்லை. 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமே சமவாயத்தை நம் உள்நாட்டுச் சட்டமாக்கி, முன்னோடி இரசாயனங்களை மேற்பார்க்கவும் ஓர் அதிகாரசபைக்கு வழிசெய்தது. அதே 2008இல் கொழும்புக்கு வெளியே ஒரு பெரிய மெத்தம்பெட்டமைன் கூடம் பிடிபட்டது. ஆக 2025இன் நுவரெலியாச் செய்தி நமக்கு வந்த முதல் எச்சரிக்கை இல்லை. பதினேழு ஆண்டுக்கு முன்பே ஒன்று வந்திருந்தது.

இந்தப் பதிவேட்டைத் தாண்ட முயல்பவர்களின் சாதுரியமும் பெரிது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரினைக் கைப்பற்றியது. தமிழ்நாட்டோடு தொடர்புடைய அந்த வலையமைப்பு, சத்துமாவிலும் உலர்ந்த தேங்காய்த்துருவலிலும் மறைத்து, மூன்று ஆண்டுகளில் 45 தடவைகளில் ஏறத்தாழ 3,500 கிலோவை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பியதாகப் பணியகம் சொன்னது. சூடோஎபெட்ரின், எபெட்ரினுக்கு நெருங்கிய சகோதர மூலக்கூறு. செய்துமுடித்த போதைப்பொருளை அனுப்பாமல் அதன் முன்னோடியை அனுப்பினார்கள். சளி மாத்திரையின் மூலப்பொருளுக்கு ஊர் ஒரு கண்ணைத்தான் வைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பூட்டு பலன் தருமா?

இதற்கு நேர்மையான பதிலைத் தரும் ஓர் ஆய்வு உண்டு. 1995 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள் இரண்டு இரசாயன விநியோகக் கம்பனிகளை மூடினார்கள். அந்நாட்டில் மெத்தம்பெட்டமைனுக்குப் போன முன்னோடிப் பொருளில் பாதிக்கு மேல் அந்த இரண்டின் வழியே போய்க்கொண்டிருந்தது. கார்லோஸ் டொப்கின், நான்சி நிகோசியா என்ற பொருளியலாளர்கள் அதன் விளைவை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். கிராம் 30 டொலராக இருந்த விலை 100 டொலராக ஏறியது. தூய்மை 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு விழுந்தது. இந்தப் போதையால் மருத்துவமனைக்கு வந்தவர்கள் தொகை பாதியாகக் குறைந்தது. வீதியில் ஒருவரையும் துரத்தாமல், இரண்டு களஞ்சியங்களின் கதவை மூடியதால் வந்த பலன் இது.

ஆனால் விலை நான்கு மாதத்தில் பழைய இடத்துக்குத் திரும்பியது. மற்றவை பதினெட்டு மாதத்தில் ஏறக்குறைய முன்பிருந்த நிலைக்கு வந்தன. பூட்டு வேலை செய்தது. வேறு கதவு திறந்ததும் அதன் பலன் கரைந்தது.

அதன்பின் உலகம் கண்டதெல்லாம் இதே கதையின் அடுத்தடுத்த அத்தியாயங்கள். மெக்சிகோ 2008 அளவில் சூடோஎபெட்ரினைத் தடைசெய்தது. அங்குள்ள கும்பல்கள் எபெட்ரின் தேவைப்படாத வேறு முறைக்கு மாறின. ஆப்கானிஸ்தானில் தொழிற்சாலை எபெட்ரின் அரிதானபோது, நாகாய் ஆராய்ந்த அதே புதர்ச்செடியை மலைகளிலிருந்து வெட்டி வந்தார்கள். நூற்றிமுப்பது ஆண்டு இரசாயனவியலைத் தாண்டி மீண்டும் செடிக்கே போனார்கள். ஐரோப்பாவில் அட்டவணையில் இல்லாத புதுப் பொருட்களைச் செய்து கொண்டுவந்து, கடைசி நேரத்தில் அட்டவணைப் பொருளாக மாற்றினார்கள். முன்னோடிக்கு ஒரு முன்னோடி. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தால் என்றும் ஓரடி பின்னால்தான் நிற்போம் என்று உணர்ந்து, 2024இல் நெருங்கிய உறவுள்ள இரசாயனக் குடும்பங்களையே மொத்தமாக அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள்.

நியூசிலாந்து செய்தது இதில் கவனிக்கத்தக்கது. 2011இல் சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரைகளை வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாதென்று ஆக்கினார்கள். காலப்போக்கில் கள்ளச் சந்தைக்கு மெத்தம்பெட்டமைன் செய்துமுடித்த வடிவிலேயே வெளிநாட்டிலிருந்து வரத் தொடங்கியது. சளிக்காரர்களை அலைக்கழித்து இனிப் பயனில்லை என்று கண்டு, 2024இல் அந்த மாத்திரைகளை மீண்டும் மருந்தாளரிடம் நேரே வாங்க அனுமதித்தார்கள். போட்ட பூட்டு இன்னும் எதையாவது காக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதும் கட்டுப்பாட்டின் பகுதி.

மலையகம் படித்த இரண்டு பாடம்

இரசாயனத்தை அரசு கட்டுப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. எங்கள் மலைகளிலேயே அது இரண்டு விதமாக நடந்து முடிந்திருக்கிறது.

முதலாவது பூச்சிமருந்து. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. வீட்டுக்குள்ளும் வயலோரத்திலும் எளிதில் எட்டிய பூச்சிமருந்துகளே அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம். ஒரு கணத்துக் கோபமும் துக்கமும் திரும்ப முடியாத முடிவாகின. 1980ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிக நச்சான மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995இல் சில, 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் உட்பட மூன்று. ஒவ்வொன்றுக்கும் மாற்று எது, விளைச்சல் குறையுமா என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தற்கொலை வீதம் இறங்கிக்கொண்டே வந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் இதனால் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் வீழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. துக்கத்தை யாரும் தடைசெய்யவில்லை. துக்கம் வந்த நேரத்தில் கைக்கெட்டும் நஞ்சைத் தூரமாக வைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது 2021. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. மாற்று ஏற்பாடு இல்லை, கால அவகாசம் இல்லை, மண்ணை அறிந்தவர்களின் பேச்சுக்கு இடமில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் செடிகள் வாடிவிட்டன. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கொழுந்து இல்லாத நாளில் 'அரைப்பேர்' என்று அரைநாள் கூலி மட்டும் போடப்பட்டு வீடு திரும்பிய அம்மாமார்தான் அந்தக் கட்டளையின் விலையைக் கட்டினார்கள்.

இரண்டும் இரசாயனக் கட்டுப்பாடு. ஒன்று பொருளைத் தனித்தனியாக அறிந்து, எதற்கு என்று கேட்டு, மெதுவாகப் பூட்டியது. மற்றது எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பூட்டியது. ஐஸ் பயத்தில் நாளை ஓர் அரசாங்கம் அசற்றோனையும் அமிலத்தையும் எர்கோமெட்ரினையும் கண்மூடித்தனமாக மறித்தால், பாடசாலை ஆய்வுகூடம் வெறுமையாகும், சிறு பற்றறிக்கடை மூடப்படும், பிரசவ அறையில் ஊசி தாமதமாகும். கொள்கலனில் கொண்டுவருபவனோ வேறொரு பெயரை ஒட்டிக் கொண்டுவருவான்.

ஆற்றின் தலைமாட்டில்

மலையகத்துக்கு இதில் இன்னொரு தனிக் கவலை உண்டு. ஒரு கிலோ மெத்தம்பெட்டமைன் செய்தால் 5 முதல் 6 கிலோ நச்சுக் கழிவு மிஞ்சும் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. கள்ளக் கூடத்தில் அதை யாரும் முறைப்படி அகற்றமாட்டார்கள். கானில் ஊற்றுவார்கள், அல்லது மண்ணில் புதைப்பார்கள். நாங்கள் இருப்பது நாட்டின் ஆறுகள் பிறக்கும் இடத்தில். டிக்கோயாவின் ஓடைகள் சேரும் காசல்ரீ நீர்த்தேக்கம் கெஹெல்கமு ஓயாவில் இருக்கிறது. அது கீழே மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகி, கொழும்பு மக்களின் குடிநீராகிறது. நுவரெலியாவின் நீர் மகாவலியை நோக்கிப் போகிறது. ஆள் நடமாட்டம் குறைந்த, பனிமூட்டம் மறைக்கும் மலைவீடு கள்ளக் கூடத்துக்கு வசதி என்று ஒருவன் நினைத்தால், அவன் ஊற்றும் கழிவு முதலில் லயத்துப் பீலித் தண்ணீரிலும் பிறகு தலைநகரத்துக் குவளையிலும் கலக்கும்.

சட்டத்தின் பார்வையோ சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறது. 2022இல் நம் சட்டம் திருத்தப்பட்டு, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றாயிற்று. 1976க்குப் பிறகு இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், நடைமுறையில் அது வாழ்நாள் சிறை. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. அந்தத் தேக்கரண்டியோடு பிடிபடுபவன் பெரும்பாலும் கடைசிக் கண்ணியாக இருப்பான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள், வேலை இல்லாத மாதங்கள் இருந்திருக்கும். அவனுடைய கைக்கு அந்தத் தேக்கரண்டி வருவதற்கு முன், எங்கோ ஒரு பீப்பாய் கைமாறியிருக்கிறது. ஓர் ஏற்றுமதியாளர், ஒரு கப்பல் முகவர், ஒரு சுங்க அதிகாரி, ஒரு களஞ்சியக்காரர், வீட்டை வாடகைக்குக் கொடுத்த ஒருவர் என்று பலருடைய கை அதில் பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் எதற்கு என்று கேட்டு, கிடைத்த பதிலைச் சரிபார்த்திருந்தால் தேக்கரண்டி நிரம்பியிருக்காது. கடைசிக் கண்ணிக்கு வாழ்நாள் தண்டனை எழுதும் நாடு, முதல் கண்ணியில் ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

அதற்குத் தேவைப்படுபவை எட்டாத கனவுகள் இல்லை. துறைமுகத்தில் சந்தேகத்துக்குரிய திரவத்தை அங்கேயே சோதிக்கும் கருவியும் அதை வாசிக்கத் தெரிந்த இரசாயனவியல் பட்டதாரியும் வேண்டும். சுங்கமும், மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும், ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் ஒரே பதிவேட்டைப் பார்க்கவேண்டும். இறக்குமதி செய்த கம்பனியிடம் பொருள் வந்தபின்னும் போய், வாங்கியது எங்கே என்று பார்க்கும் ஆட்கள் வேண்டும். அட்டவணையில் இல்லாத புதுப் பெயர் பெருந்தொகையில் வந்தால் வியப்போடு நின்று விசாரிக்கும் மனம் வேண்டும். மலையகப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு வளர்ந்தால், அந்தக் கருவிகளுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பாடவேளையின் முடிவில் நான் அலுமாரியைத் திறந்து உள்ளே தொங்கும் பதிவேட்டை எடுத்துக் கேள்வி கேட்ட மாணவனிடம் கொடுத்தேன். அடுத்த பரிசோதனைக்குப் பரமங்கனேற்றுக் கரைசல் வேண்டியிருந்தது. திகதி எழுதினான். பொருளின் பெயர் எழுதினான். தராசில் நிறுத்து அளவை எழுதினான். கடைசிப் பத்தியில் பேனா நின்றது. "இதுல என்ன எழுதுறது, சேர்?" என்றான். எதற்கு என்று எழுது என்றேன். யோசித்து, கோடு தாண்டாமல் எழுதினான்: இரும்பு உப்பின் செறிவை அறிய, உயர்தர வகுப்பு. கையொப்பமிட்டுப் பதிவேட்டை என்னிடம் தந்துவிட்டு, போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான்.